சல்ஃபோ-எஸ்டிஏ: பொடி சரி, விளக்கைப் பார்த்து வாங்குங்கள்

தொட்டதும் விலகிவிடும் புரதங்களிடம் கோ-ஐபி (ஒரு புரதத்தைப் பிடித்து, அதோடு ஒட்டியதையும் சேர்த்து இழுக்கும் முறை) பெரும்பாலும் கைவிரித்துவிடும். புரதங்களைப் பிணைக்கும் வேதிப்பொடியான சல்ஃபோ-எஸ்டிஏவுக்கு அங்கேதான் வேலை. ஒரு முனையிலுள்ள என்எச்எஸ் எஸ்டர், புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையிலுள்ள டயாசிரின் என்ற ஒளியில் உடையும் தொகுதி, 365 நானோமீட்டர் ஒளி பட்டதும் நைட்ரஜனை உதிர்த்து, எதனோடும் சட்டென வினைபுரியும் கார்பீனாகி, உரசி நிற்கும் புரதத்தோடு ஒட்டிவிடும். நடுவிலுள்ள கை 3.9 ஆங்ஸ்ட்ராம்தான், தள்ளி நிற்பது மாட்டாது. ஆனால் அதிகம் உரசி நிற்பது தண்ணீர். கார்பீனில் பெரும்பங்கு அதிலேயே வீணாகும். ஜெல்லில் பிணைந்த பட்டை மங்கலாக, இழுபட்டு வந்தால் பொடியைக் குறை சொல்லாதீர்கள்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து ஆய்வகங்கள் சிறு குப்பிகளாகவே வாங்குவது நல்லது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஈரக்காற்று என்எச்எஸ் எஸ்டருக்கு எமன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை, குளிர் முழுக்க விட்ட பிறகே திறக்க வேண்டும். 1 மி.கி.க்குச் சுமார் 305 மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டால் 10 மில்லிமோலார் கரைசல். உடனே பயன்படுத்துங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள். பத்தில் ஒரு பங்காகப் பிபிஎஸ்ஸிலுள்ள (பாஸ்பேட் உப்புத் தாங்கல் கரைசல்) புரதத்தோடு சேர்த்து, இருட்டில் அரைமணி நேரம். அதுவரை அமீன் உள்ள தாங்கலான டிரிஸ் கூடாது, எஸ்டரை அது தின்றுவிடும். பிறகு அதே டிரிஸ்ஸை 50 மில்லிமோலார் சேர்த்து நிறுத்தலாம். உப்பு நீக்கும் வடிகுழாயில் (column) வடித்தபின், அதோடு சேரும் துணைப் புரதம் சேர்த்து, பனிக்கட்டிமேல் வைத்து 15 நிமிடம் ஒளி.

காசைக் கொட்ட வேண்டியது விளக்குக்கு. கள்ளநோட்டு பார்க்கும் மலிவான டார்ச்சுகள் பலவும் 395 நானோமீட்டர், டயாசிரின் அசையாது. டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) தகடு பார்க்கும் புற ஊதா விளக்கில் இரண்டு சுவிட்ச் இருக்கும். தவறி 254ஐப் போட்டால் புரதமே கெடும். குழாய் மூடியைத் திறந்து, விளக்கைச் சில சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். தூரம் இரட்டித்தால் பலன் வெகுவாகக் குறையும்.

ஒளி படாத மாதிரி, பொடி சேர்க்காத மாதிரி, துணைப் புரதம் இல்லாத மாதிரி: இந்த மூன்றும் பக்கத்தில் ஓடாத ஜெல்லை நம்ப வேண்டாம். பொடியை அள்ளிப் போட்டால் லைசின்கள் மூடிக்கொண்டு, தேடுகிற பிணைப்பே உடையும். பிணைந்த இடத்தைக் கண்டறிய மாஸ் ஸ்பெக்குக்கு (நிறை நிறமாலைமானி) அனுப்புபவர்கள் கவனிக்க: டயாசிரினில் ஒரு பங்கு டயசோ என்ற இன்னொரு வடிவமாக மாறி அஸ்பார்டேட், குளூட்டமேட் என்ற அமினோ அமிலங்களைத் தேடிப் போகும். அந்த இடங்கள் அதிகம் வந்தால் அதையே தொடுமுகம் (புரதங்கள் தொட்டுக்கொள்ளும் இடம்) என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு புரதத்திலும் லைசின்கள் நெருங்கி நின்று, பிணைப்பும் கெட்டியாக இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், இரு முனையும் லைசினைப் பிடிக்கும், விளக்கு தேவைப்படாத டிஎஸ்எஸ் போதும்.