கிரெடிட் சுவிஸ்: 167 ஆண்டு வங்கிச் சேவைக்கு ஒரு மதிப்புரை

இனி யாரும் கணக்குத் தொடங்க முடியாத ஒரு வங்கிக்கு மதிப்புரை எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வங்கி என்பது ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடிய பொருளன்று. சூரிச்சில் 1856-இல் தோன்றி 2023-இல் போட்டியாளரான யூபிஎஸ்ஸிடம் கைமாறிய கிரெடிட் சுவிஸ்ஸைப் பொறுத்தவரை, முழு வாழ்நாளையும் பார்த்த பிறகே மதிப்பெண் போட முடிகிறது.

தொடக்கத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். அரசியல்வாதியும் ரயில்வே முன்னோடியுமான ஆல்ஃபிரட் எஷர், சுவிட்சர்லாந்தின் ரயில் பாதைகளுக்கான முதலை வெளிநாட்டு வங்கிகளிடம் கேட்டு நிற்கக் கூடாது என்பதற்காகவே இதைத் தொடங்கினார். 30 லட்சம் பிராங்குக்குப் பங்குகளை வெளியிட்டபோது, மூன்றே நாளில் 21.8 கோடி பிராங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. கொடுத்த பணம் எங்கே போனது என்பதை மக்கள் தண்டவாளமாகக் கண்ணால் பார்க்க முடிந்த காலம் அது. சூரிச் ரயில் நிலையத்தின் முன்னால் எஷரின் சிலை இன்றும் நிற்கிறது.

உள்ளூர் வாடிக்கையாளரைக் கவரவும் இந்த வங்கிக்குத் தெரிந்திருந்தது. 1976-இல் நீலம், சிவப்பு, வெள்ளை நிறங்களில் பின்னப்பட்ட பனிச்சறுக்குக் குல்லாய் ஒன்றைத் தன் பழைய ஜெர்மன் பெயரின் சுருக்கமான எஸ்கேஏ என்ற எழுத்துகளுடன் இலவசமாக வழங்கியது. பனிமலைகளில் எங்கு திரும்பினாலும் அந்தக் குல்லாய்தான் என்னும் அளவுக்கு அது பரவியது. வங்கி பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும் மக்கள் அதைக் கழற்றவில்லை. வேறெந்த விளம்பரமும் இதற்கு இவ்வளவு நற்பெயர் தேடித் தந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

குறை எங்கே தொடங்கியது என்று கேட்டால் 1977-ஐத்தான் சொல்வேன். இத்தாலிய எல்லையிலுள்ள கியாசோ கிளையின் அதிகாரிகள், வாடிக்கையாளர்களின் பணத்தில் 200 கோடி பிராங்குக்கும் மேல் அண்டைச் சிறு நாடான லீக்டன்ஸ்டைனிலுள்ள நிறுவனம் ஒன்றின் வழியாகத் திருப்பிவிட்டது அந்த ஆண்டு வெளியானது. தலைமையகத்தின் கண்ணுக்கு எட்டாத ஓர் அறையில் லாபம் வந்துகொண்டிருக்கும்வரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்ற நோய் அன்றே தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க சுவிஸ் வங்கிகள் அதே ஆண்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் நோய் மட்டும் தீரவில்லை.

1988-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் பாஸ்டன் நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, முதலீட்டு வங்கிப் பிரிவு என்ற பெயரில் அந்த எட்டாத அறை அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் விரிந்தது. 2008 உலக நிதி நெருக்கடியில் அரசின் மூலதனத்தை வாங்காமல் தப்பித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். என்றாலும், அந்தப் பெருமையே பிற்பாடு எச்சரிக்கையைக் குறைத்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அமெரிக்கர்களின் வரி ஏய்ப்புக்கு உதவியதாக 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 260 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. 2021-இல் ஆர்க்கிகோஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஒரே வாடிக்கையாளரால் மட்டும் சுமார் 550 கோடி டாலரை இழந்தது.

அதன்பின் வாடிக்கையாளர்கள் காத்திருக்கவில்லை. 2022-இன் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 11,000 கோடி பிராங்க் வெளியேறியது. 2023 மார்ச்சில் சுவிஸ் தேசிய வங்கி 5,000 கோடி பிராங்க் வரை கடன் தர முன்வந்தும் ஓட்டம் நிற்கவில்லை. மார்ச் 17, வெள்ளிக்கிழமை 1.86 பிராங்குக்குக் கைமாறிய பங்கு, ஞாயிறு மாலை யூபிஎஸ் உடன்பாடு அறிவிக்கப்பட்டபோது 0.76 பிராங்க் ஆகியிருந்தது.

ஆகவே இந்த மதிப்புரையில் ஒரே மதிப்பெண் தருவது நியாயமாகாது. சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவருக்கு ஒரு பிராங்கும் குறையவில்லை. பங்குதாரருக்குச் சொற்பமேனும் கிடைத்தது. வழக்கமாகப் பங்குதாரருக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டிய ஏடி1 (வங்கி நெருக்கடியில் சிக்கினால் மதிப்பிழக்கச் செய்யக்கூடிய ஒருவகைப் பத்திரம்) கடன்பத்திரக்காரர்களுக்கோ, சுமார் 1,600 கோடி பிராங்க் மதிப்புள்ள பத்திரங்கள் சுழியமாக்கப்பட்டன. வரிசையே தலைகீழாக மாறியதை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள்.