பிஎஸ்5: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு, எந்தக் கம்பெனி கேமை நம்பி வாங்கலாம்?

சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல், அதாவது பிஎஸ்5, இந்தியாவில் கடைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். டிஸ்க் மாடல் அப்போது 49,990 ரூபாய். 2022 கடைசியில் 54,990 ஆக்கினார்கள். பெட்டியைப் பற்றி இனிமேல் எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பிஎஸ்4 மாதிரி மிக்ஸி சத்தம் போடுவதில்லை. 825 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். அதனால் கேம்களை வைக்கக் கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) போடாமல் காலம் தள்ள முடியாது. இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். பெட்டி விமர்சனம் முடிந்தது.

காசு கரைவதெல்லாம் கேமில்தான். சோனியே வெளியிடும் பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய். 11 கேம் வாங்கினால் இன்னொரு பிஎஸ்5 வாங்கும் காசு போயிருக்கும். காசு மிச்சமாகிறதே என்று டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த மிச்சம் முதல் வருஷத்திலேயே போய்விடும். டிஸ்க்காக இருந்தால் முடித்த கேமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கொடுத்து வேறொன்று வாங்கலாம், ஆபீஸில் இருப்பவருக்கு இரவல் கொடுக்கலாம். சோனியின் ஆன்லைன் ஸ்டோரில் வாங்கியதை யாருக்குக் கொடுப்பது?

இத்தனை விலை கொடுத்து வாங்க ஆரம்பித்த பிறகு நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. டிரெய்லரைப் பார்ப்பதில்லை. வெளியான வாரத்து ரிவ்யூவையும் பாதிதான் நம்புகிறேன். நம் காசு கல்லாவுக்குப் போன பிறகு அடுத்த ரெண்டு வருஷம் அந்தக் கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது, அதைத்தான் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையில் கேம்களுக்கு மார்க் போட்டிருப்பதும் அப்படித்தான்.

முதலில் ரிட்டர்னல். 2021 ஏப்ரலில் வந்தது, பின்லாந்தின் ஹவுஸ்மார்க் செய்தது. இந்தக் கன்ட்ரோலரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்னமும் நான் போட்டுக் காட்டும் கேம் இதுதான். உள்ளே மழை பெய்யும்போது உள்ளங்கையில் தூறல் விழுகிற மாதிரி சின்னச் சின்னதாக அதிரும். எல்2 பட்டனைப் பாதி அழுத்தினால் குறி பார்க்கும். அந்தப் பாதியில் விரலுக்குக் கெட்டியாக ஒரு தடை வரும். அதையும் தாண்டி அழுத்தினால் துப்பாக்கியின் இரண்டாவது வகைச் சுடுதல் கிளம்பும். ஒரே பட்டனில் ரெண்டு வேலை, கை அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

ஆனால் வந்த புதிதில் அதில் நடுவில் சேவ் செய்ய வழியே கிடையாது. செத்தால் ஆரம்பத்திலிருந்து. ஒரு ஓட்டம் சாதாரணமாக ரெண்டு மணி நேரத்தை விழுங்கும். எழுந்து போக வேண்டுமானால் கன்சோலை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஹெல்சிங்கியில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு அது போதுமென்று தோன்றியிருக்கும். மே மாதத்துச் சென்னையில் ஒரு தடவை கரண்ட் போனால் ரெண்டு மணி நேர உழைப்பும் கூடவே போய்விடும். ஆட்டக்காரர்கள் ஆறு மாதம் கத்தினார்கள். 2021 அக்டோபர் அப்டேட்டில் ஓட்டத்தை நிறுத்திவைக்கும் வசதி வந்தது. 2022 மார்ச்சில் ரெண்டு பேர் சேர்ந்து ஆடும் மோடும் ஒரு புதுக் கோபுரமும் காசில்லாமல் தந்தார்கள். கேட்டதைக் கொடுத்தார்கள், கேட்காததையும் கொடுத்தார்கள். ஹவுஸ்மார்க் பெயர் போட்டு எது வந்தாலும் எட்டிப் பார்ப்பேன்.

சைபர்பங்க் 2077 கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்தே தூக்கிவிட்டது. அவ்வளவு மோசமாக பிஎஸ்4-இல் ஓடியது. 2021 ஜூனில்தான் திரும்ப விட்டார்கள். பிஎஸ்5-க்கென்று தனியாக 2022 பிப்ரவரியில் வந்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட்டும் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும். இப்போது ஆடுகிறவருக்கு இது அருமையான கேம், சந்தேகமே இல்லை. போலீஸ் துரத்தல், திறமைகளைக் கூட்டிக்கொள்ளும் முறை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியிருக்கிறார்கள். கேமில் வரும் நைட் சிட்டி நகரத்தில் மழை ராத்திரியில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு ரேடியோ கேட்பதற்கே சில நாள் இதைப் போடுகிறேன்.

இந்த கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் மனம் திருந்திய கதையாக இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த 2.0 அப்டேட் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. முதல் நாளே முழுக் காசு கொடுத்து பிஎஸ்4-இல் வாங்கியவன்தான் அதிகம் ஏமாந்தவன். அவன் பழைய கேமோடு நிற்கிறான், மூன்று வருஷம் கழித்துப் பாதி விலைக்கு வாங்கியவன் ராஜபோகமாக ஆடுகிறான். இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது: முன்பதிவு கிடையாது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

இப்போது பால்டுர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் தானே செய்து தானே வெளியிட்டது. பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பரில் வந்து, அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதையும் அடித்தது. உள்ளே காசு கேட்கும் கடை என்று ஒன்றே கிடையாது. எங்கள் வீட்டில் இது முக்கியமாக ரெண்டு பேர் ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடும் கேம். எமரால்ட் க்ரோவ் என்ற இடத்தில் ஒரு குள்ள வியாபாரி நிற்பான். நான் அவனிடம் விலை விசாரித்துக்கொண்டிருப்பேன். திரையின் மறுபாதியில் தம்பி அதே ஆளின் பின்னால் பதுங்கி உட்கார்ந்து அவன் பையைத் துழாவுவான். "அண்ணா, நீ பேசிட்டே இரு, கட் பண்ணிடாத!" என்பான். பேச்சு ஓடும்வரை வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டான். பேச்சு முடிந்ததும் தன் பையைத் தடவிப் பார்த்து அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைச் சந்தேகப்பட ஆரம்பிப்பான். அதற்குள் தம்பி ஊர்க்கோடியில் இருப்பான், மாட்டுவது நான்.

குறையும் உண்டு. மூன்றாம் பாகத்தில் பெரிய நகரத்துக்குள் நுழைந்ததும் கன்சோல் திணறுவது தெரியும், அதுவும் திரையைப் பிரித்து ஆடினால். எழுத்து சின்னது, சோபாவில் சாய்ந்துகொண்டு படிக்க முடியாது. 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். இருந்தும், வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2025 ஏப்ரலில், பேட்ச் 8 என்ற அப்டேட்டில் கதாபாத்திரங்களுக்கு 12 புதிய துணை வகுப்புகளைச் சும்மாவே கொடுத்தார்கள். மற்ற கம்பெனியாக இருந்தால் அதையே ரெண்டு பாகமாகப் பிரித்து விற்றிருப்பார்கள்.

சோனியைப் பற்றி என்ன சொல்ல? ஒரே நாள், ரெண்டு முகம். கான்கார்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. சரியாக அதே செப்டம்பர் 6 அன்று ஆஸ்ட்ரோ பாட் வெளியானது. கான்கார்டுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதைச் செய்த ஃபயர்வாக் ஸ்டுடியோவை அடுத்த மாதமே இழுத்து மூடினார்கள். ஆஸ்ட்ரோ பாட்டோ வருஷத்தின் சிறந்த கேம் ஆனது. மணலில் நடந்தால் ஒரு அதிர்வு, இரும்புத் தகட்டில் நடந்தால் வேறு அதிர்வு, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கேமே ஆடாத அம்மா கூட வாங்கிப் பார்த்து, "என்னடா இது, கூசுது" என்று திருப்பிக் கொடுத்தார். வெளியான பிறகு கூடுதல் கட்டங்களை இலவசமாகவே கொடுத்தார்கள். காட் ஆஃப் வார் ராக்னராக்குக்கு 2023 டிசம்பரில் வல்ஹல்லா என்ற கூடுதல் பகுதியை இலவசமாகத் தந்ததும் இதே கம்பெனிதான். என் கணிப்பு இதுதான்: சோனியின் தனியாள் கேம்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், "என்றென்றும் ஆடலாம்" என்று விற்கும் ஆன்லைன் கேம்களைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஹெல்டைவர்ஸ் 2 ஒன்றுதான் விதிவிலக்கு. அதிலும் அந்தப் புண்ணியம் அதைச் செய்த ஆரோஹெட் ஆட்களுக்கு. ஆயுதமும் உடையும் தரும் வார்பாண்ட் என்ற தொகுப்பை வாங்கினால் அது காலாவதியாகாது, அதற்கான காசையும் கேமுக்குள்ளேயே பொறுக்கிச் சேர்க்கலாம்.

யூபிசாஃப்ட் மேல் எனக்கு உள்ள கோபம் தி க்ரூவில் ஆரம்பித்தது. 2014-இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். ஆன்லைன் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கும் அன்றோடு சரி. டிஸ்க் வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. டிஸ்க் வாங்குங்கள் என்று மேலே நான் சொன்னதற்கு உள்ள பெரிய ஓட்டை இதுதான். அதை எதிர்த்து எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்த மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் மோடு தருவோம் என்று யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்ததும் சத்தம் போட்டதால்தான்.

இதே யூபிசாஃப்ட்டிடமிருந்து 2024 ஜனவரியில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் க்ரவுன் வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த கேம்களில் ஒன்று. பார்த்த இடத்துக்கே திரும்பத் திரும்பச் சுற்றி வரும் இந்த வகைக் கேம்களில், எந்தக் கதவை எங்கே பார்த்தோம் என்பது மறந்துபோய்த் தலைவலி வரும். இதில் எட்டாத இடத்தைப் பார்த்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் காட்சியே போட்டோவாக வரைபடத்தில் ஒட்டிக்கொள்ளும். ரெண்டு வாரம் கழித்து வந்தாலும், "ஓ, இங்கே ரெட்டைத் தாவல் வேண்டும்" என்று பார்த்தவுடன் தெரியும். பாரசீக மொழியிலேயே குரல் வைத்தும் ஆடலாம். அவ்வளவு அக்கறை. எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்று அந்த அணியைக் கலைத்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பல வருஷம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற கடற்கொள்ளை கேமுக்கு அத்தனை வருஷம் பொறுத்தவர்களுக்கு இதற்கு ஒரு வருஷம் பொறுக்க முடியவில்லை.

கேப்காம் கேம்கள் தரத்தில் அடித்துக்கொள்ள முடியாது, ரெசிடன்ட் ஈவில் 4 ரீமேக் ஒன்றே போதும். ஆனால் 2023 மார்ச்சில் அதை வெளியிட்டு, எல்லோரும் பாராட்டி எழுதி முடித்த பிறகு, ஏப்ரலில் ஆயுதத்தை மேம்படுத்தும் டிக்கெட்டை நிஜக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அந்தச் சாமர்த்தியம்தான் எரிச்சல். ஈஏவின் கால்பந்து கேம் பற்றி ஒரு வரி: செகண்ட் ஹேண்டில் போன வருஷத்து டிஸ்க் வாங்கி, அல்டிமேட் டீம் பக்கமே போகாமல் ஆடுங்கள். உள்ளே எந்த வீரர் வருவார் என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் அதன் பேக்குகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது.

லாஸ்ட் க்ரவுனைச் செய்த அணி இருந்தது பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில். அதே ஊரில், யூபிசாஃப்ட்டை விட்டு வெளியே வந்த ஒருவர் ஆரம்பித்த சாண்ட்ஃபால், சுமார் 30 பேரை மையமாக வைத்து க்ளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33-ஐச் செய்தது. கெப்ளர் என்ற கம்பெனி வெளியிட்டது. 2025 ஏப்ரலில் வந்து 33 நாளில் 33 லட்சம் பிரதிகள். மாறி மாறி அடிக்கும் பழைய பாணிச் சண்டைதான், ஆனால் எதிரி அடிக்கும்போது நாம் சும்மா இருக்க முடியாது. வாள் வந்து சேரும் கணத்தில் ஆர்1 தட்டினால் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அடி விழும். சில எதிரிகள் கையை ஓங்கி வேண்டுமென்றே தாமதிப்பார்கள், அங்கேதான் பதறி முன்னாலேயே தட்டித் தொலைப்போம். விலை 50 டாலர். பெரிய கம்பெனிகள் 70 கட்டுப்படியாகாது, 80 வேண்டும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷத்தில். ஆஸ்திரேலியாவிலிருந்து டீம் செர்ரி 2025 செப்டம்பரில் ஹாலோ நைட்: சில்க்சாங் கேமை 20 டாலருக்கே விட்டது.

அடுத்தது ஜிடிஏ 6. கடைசியாகச் சொன்ன தேதி 2026 நவம்பர் 19. ஜிடிஏ 5-ஐ பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5 என்று மூன்று தலைமுறைக்கு விற்று, கதைக்கு ஒரு டிஎல்சி (கூடுதல் பகுதி) கூடப் போடாத கம்பெனி ராக்ஸ்டார். ஆறு மாதம் பொறுத்து வாங்கலாம், அதற்குள் பேட்ச் வந்துவிடும், செகண்ட் ஹேண்டும் வந்துவிடும் என்று தம்பியிடம் மேலே சொன்ன அத்தனையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "சரிண்ணா, நீ ஆறு மாசம் கழிச்சு ஆடு, கதைய நான் சொல்லல" என்றான்.