யூ பூட்டும் ரயில் பயணமும்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

யூ பூட்டின் (யூ வடிவ உருக்கு வளையமும் குறுக்குத்தண்டும் சேர்ந்த சைக்கிள் பூட்டு) விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று சைக்கிளில் ஸ்ரேசனுக்குப் போய் ரயில் பிடிக்கிற சிநேகிதர் ஒருவர் கேட்டிருந்தார். மூன்று வருடம் நாளாந்தம் பாவித்த சாமானைப் பற்றி ஒரு சொல்லில் மறுமொழி சொல்ல முடியவில்லை. பூட்டில் பிழையில்லை. அதைக் கொளுவத்தான் இடமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகிறவரின் சைக்கிள் விடிய ஆறு மணிக்கு நிறுத்தப்பட்டால் பொழுதுபடத்தான் திரும்ப எடுக்கப்படும். பன்னிரண்டு மணித்தியாலம் ஆள் இல்லாமல் நிற்கிற சைக்கிள் அது. 2014 ஒக்ரோபர் 13 அன்று, 24 வருடத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. ஸ்ரேசன்களைப் புதிதாகக் கட்டினார்கள், மேடை போட்டார்கள், கூரை போட்டார்கள். சைக்கிளைக் கட்டி வைக்க நிலத்தில் ஊன்றிய ஓர் இரும்பு மட்டும் தேடவேண்டி இருக்கிறது. எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

முதலில் பூட்டின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது 13 மி.மீ. தடிப்புள்ள கடினப்படுத்திய உருக்கு வளையம், உள்ளளவு 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம், நிறை ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட. கையால் நெரிக்கும் கம்பிவெட்டி இந்தத் தடிப்பை வெட்டாது. வெட்ட மின்சாரக் கிறைண்டர் வேண்டும், அது சத்தமும் பொறியும் கிளப்பும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வளையத்தின் இரண்டு காலும் குறுக்குத்தண்டுக்குள் பூட்டுப்பட வேண்டும். ஒரு கால் மட்டும் பூட்டுப்படுகிற மலிவுப் பூட்டில், வளையத்தை ஓரிடத்தில் வெட்டினாலே முறுக்கிக் கழற்றிவிடலாம். இரண்டும் பூட்டுப்பட்டால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும்.

பூட்டுகிற முறையிலும் விஷயம் இருக்கிறது. பலரும் வளையத்தை முன்சில்லுக்குள் விட்டுப் பூட்டுகிறார்கள். நட்டைக் கழற்றினால் முன்சில்லு பூட்டோடு நிற்கும், மிச்சச் சைக்கிள் போய்விடும். சரியான இடம் பின்முக்கோணம்: சீற் குழாய்க்கும் பின்கவட்டுக்கும் நடுவில் வருகிற றிம்மையும் நிலத்தில் ஊன்றிய கம்பியையும் சேர்த்துப் பூட்டுவது. அந்த முக்கோணத்துக்குள்ளால் சில்லை வெளியே இழுக்க முடியாது என்பதால் சட்டமும் பின்சில்லும் ஒரே பூட்டில் அடங்கும். லேடீஸ் சைக்கிளில் சேலை சிக்காமல் இருக்கப் பூட்டிய தகடோ வலையோ இருந்தால் இது சரிவராது. அதற்கு முன்சில்லையும் சட்டத்தின் சாய்வுக் குழாயையும் கம்பியோடு சேர்த்துப் பூட்டலாம். பின்சில்லைச் சைக்கிளோடு வந்த பின்சில்லுப் பூட்டு பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பின்சில்லுப் பூட்டை நம்பித்தான் ஊரில் முக்கால்வாசிச் சைக்கிள் நிற்கிறது. அது சில்லு உருளாமல் மட்டும் தடுக்கும். பின்பக்கத்தைத் தூக்கி முன்சில்லில் உருட்டிக்கொண்டு போக ஒரு ஆள் காணும், லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற இரண்டு ஆள் காணும். மலிவுப் பூட்டுகளில் திறப்பின் பல் வெட்டில் வகை குறைவு, ஒன்றின் திறப்பு மற்றொன்றைத் திறப்பதும் உண்டு. கேபிள் பூட்டைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், பிளாஸ்ரிக் உறைக்குள் இருப்பது மெல்லிய கம்பித் திரி.

இனி அந்தக் கொளுவுகிற இடம். பூட்டின் அகலம் 10 செ.மீ. கொங்கிறீற் தூண் 15, 20 செ.மீ. வரும், அடங்காது. வேப்பமரம், பனை எதுவும் அடங்காது. மதில் கிறாதி அடங்கும், ஆனால் சைக்கிள் வழியை மறித்துக்கொண்டு நிற்கும், வீட்டுக்காரர் பேசுவார், அவர் பேசுவது நியாயம். சைக்கிள் கொட்டில் இருக்கிற இடத்தில் கூரையைத் தாங்குகிற ஜீ.ஐ. பைப்புத்தான் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) மிச்சம். நாலு மூலைக்கு நாலு பைப், அதுவும் முதலில் வருகிற நாலு பேருக்கு. பிறகு வருகிறவர் ஒன்றரைக் கிலோப் பூட்டைச் சைக்கிளுக்கே போட்டுவிட்டு ரயில் ஏற வேண்டியதுதான். அந்த நேரம் அது விலைகூடிய பின்சில்லுப் பூட்டு.

நெதர்லாந்தில் உட்றெக்ற் நகர ஸ்ரேசனுக்குக் கீழே 12,500க்கு மேற்பட்ட சைக்கிளுக்கு இடம் இருக்கிறது. முதல் 24 மணித்தியாலம் காசில்லை. மெல்பேர்னில் ட்ராமுக்குள் மடிக்காத சைக்கிளை ஏற்றவிட மாட்டார்கள், அதனால் அங்கேயும் தரிப்பில் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் ட்ராம் ஓடியதே இல்லை, கொழும்பிலும் 1960 உடன் நின்றுபோனது. ஆனால் பிரச்சினை ஒன்றுதான், தீர்வும் அவ்வளவு பெரிதல்ல. 2 அங்குல ஜீ.ஐ. பைப் 20 அடி நீளத்தில் வரும். அதை இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் கவிழ்த்த யூ வடிவில் வளைத்தால், நிலத்துக்கு மேலே 75 செ.மீ. உயரம், அதேயளவு நீளம், நிலத்துக்குள் ஒரு அடி கொங்கிறீற் எல்லாம் போக இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள், வளைவுக்கு வளைவு ஒரு மீற்றர் இடைவெளி. ஒரு பைப்புக்கு நாலு சைக்கிள். வெல்டிங் கடைக்காரர் ஒரு பகலில் முடிக்கிற வேலை.

காசு வாங்கிப் பார்க்கிற சைக்கிள் பாதுகாப்பு நிலையங்கள் வேறு கதை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் நடக்கிற அதே முறைதான்: துண்டில் ஒரு பாதி காண்டிலில், மறு பாதி கையில். நாளாந்தப் பயணிக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் அங்கே ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் யூ பூட்டை அங்கே கண்டால் முகம் சுழிப்பார்கள். இடம் பிடிக்கச் சைக்கிளை நெருக்கி அடுக்கி, பிறகு இழுத்து விலத்துவதுதான் அவர்கள் தொழில், பூட்டிய சில்லு உருளாது. விடமுதல் மூன்றைக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் படலை சாத்துவார்கள், ரயில் பிந்தினால் யாரைக் கூப்பிடுவது, துண்டு துலைந்தால் என்ன காட்டவேண்டும். கடைசிக் கேள்விக்காகச் சட்ட இலக்கத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே அல்லது சீற் குழாயில் அடித்திருக்கும்.

பராமரிப்பில்தான் இந்தப் பூட்டு பழுதாகிறது, அதுவும் எங்கள் மண்ணால். கோண்டாவில், இன்னுவில், சுன்னாகப் பக்கத்துச் செம்பாட்டுத் தூசி மாவாக இருக்கும். பூட்டுக்குள் தேங்காயெண்ணெய் விட்டால் தூசி அதோடு சேர்ந்து களியாகி, ஆறு மாதத்தில் திறப்பு பாதியில் நிற்கும். நின்றால் குறட்டால் திருக வேண்டாம், திறப்பு உள்ளே முறியும். டபிள்யூ.டீ. 40 என்ற துரு இளக்கும் திரவத்தைப் பீய்ச்சித் திறப்பை உள்ளே விட்டு எடுத்துத் துடையுங்கள், துணியில் சிவப்பு வராமல் போகும் வரைக்கும். ஒருநாள் காயவிட்டு, பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பில் தடவிப் போடுங்கள். கரி தூசியைப் பிடிக்காது. மாரியில் திறப்புத் துவாரம் நிலத்தைப் பார்க்கப் பூட்டினால் தண்ணீர் தங்காது. மாற்றுத் திறப்பை முதல்நாளே வீட்டில் வையுங்கள். தெருவோரம் திறப்பு வெட்டுகிறவரிடம் இந்த வகைக்கு அச்சு இருப்பதில்லை.

பூட்டுக்கு வெளியே போகிறவை சீற்றும் லைற்றும்தான். கையால் இழுத்துக் கழற்றுகிற சீற் பிடியை மாற்றி 5 மி.மீ. அலன் போல்ற் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போடுங்கள். அதன் குழிக்குள் முன் ஹப்பில் இருக்கிற 3/16 அங்குலக் குண்டு ஒன்றை வைத்து மேலே மெழுகுதிரி உருக்கி விட்டால் அலன் கீ உள்ளே போகாது. தேவைப்படும்போது மெழுகைக் கிண்டி, காந்தத்தால் குண்டை எடுக்கலாம். வெயிலில் நிற்கிற சைக்கிளுக்கு விடியக் கல்லுமாதிரிக் காற்று அடிக்கக் கூடாது. மத்தியானச் சூட்டில் ரியூப்பில் ஐந்தாறு இறாத்தல் அழுத்தம் கூடும், பழைய ஒட்டு இளகிக் கழரும். நிழல் என்று தென்னைக்குக் கீழே மட்டும் விடவேண்டாம்.

ஆக வாங்கலாமா? இதைவிட நல்ல பூட்டை நான் பாவித்ததில்லை. அப்படியிருந்தும் இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் ஸ்ரேசனில் நாளாந்தம் உங்களுக்கென்று ஒரு பைப் நிச்சயமாகக் கிடைக்குமென்றால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் 8 மி.மீ. கடினப்படுத்திய சங்கிலி ஒன்றரை மீற்றர் எடுங்கள், பாரமும் விலையும் கூடினாலும் கொங்கிறீற் தூணைச் சுற்றும். ஒரு மீற்றர் எட்டாது. இரும்புக் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவது பெரும்பாலும் கடினப்படுத்தாதது. காசு கொடுக்கமுதல் ஒரு கண்ணியை அரத்தால் உரசிப் பாருங்கள், அரம் வழுக்க வேண்டும். இரும்புத்தூள் கொட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.