மிசிமா - பனயாட்டி சைலாவ் படகுப் பயணம்: ஏஜென்ட் வேண்டாம், படகுக்காரரிடமே பேசுங்கள்

பாப்புவா நியூ கினியாவில் மில்ன் பே பக்கம் போகிறவர்கள் லூயிசியேட் தீவுகள் (மிசிமாவும் பனயாட்டியும் அங்கேதான்) வரைக்கும் போய் சைலாவ் படகில் ஒருமுறை ஏறிவிடுங்கள். பாய் கட்டி, ஒரு பக்கம் மிதவைக் கட்டையோடு ஓடும் படகு. கண்காட்சிக்காக வைத்திருப்பது இல்லை, அங்கே இன்றும் அதுதான் லாரி, அதுதான் பஸ்.

ஆனால் மில்ன் பே மாகாணத் தலைநகர் அலோட்டாவில் ஒரு ஏஜென்ட் எனக்கு விற்ற 'குலா படகுச் சவாரி' சுத்த ஏமாற்று. குலா என்பது தீவுக்காரர்கள் சிப்பி நகைகளைச் சடங்காக மாற்றிக்கொள்ளும் வழக்கம், அது முக்கியமாக நடப்பது வடக்கே, ட்ரோப்ரியண்ட், டோபு, வுட்லார்க் தீவுகளைச் சுற்றி. சிவப்புச் சிப்பி மாலைகள் வலஞ்சுழியாகவும் வெண்சிப்பி வளைகள் இடஞ்சுழியாகவும் தீவு தீவாகக் கைமாறும், 1922-இல் மானிடவியல் ஆய்வாளர் மாலினோவ்ஸ்கி எழுதி உலகத்துக்கே தெரிந்த விஷயம். நான் ஏறிய படகில் இருந்தது கிழங்கும் சாகோ மாவும். அது எனக்கு இன்னும் பிடித்திருந்தது, அது வேறு. கோபம் வந்தது பணத்தில்தான்: கரைக்குப் போனால் படகுக்காரருக்கு என் காசில் ஒரு கினா கூட வந்து சேரவில்லை. அவரிடம் தனியாகக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன்.

மிசிமாவிலிருந்து மேற்கே பனயாட்டிக்குப் போகும்போது தென்கிழக்குக் காற்று சாதகம், ஜாலியாக உட்கார்ந்திருக்கலாம். திரும்பும்போதுதான் படகின் அருமை தெரியும். நான் திரும்பியது ப்ரூக்கர் தீவுக்காரர்களின் படகில், மேடை முழுக்க மண்பானை. இந்தப் படகுக்கு முன், பின் என்று கிடையாது. மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கம் இருந்தாக வேண்டும், அதனால் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறும்போது படகைத் திருப்புவதே இல்லை. பாயின் அடிமுனையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பானைகளுக்கு நடுவே மறுகோடிக்கு நடக்கிறார், பெரிய சுக்கான் துடுப்போடு இன்னொருவர் இந்தக் கோடிக்கு வருகிறார், பாய் பட்டென்று விரிந்ததும் இதுவரை வால் என்று நினைத்தது தலையாகி ஓடுகிறது. ஒரு பானை நகரவில்லை. பெரிய காற்று அடித்து மிதவை எழும்பினால் இரண்டு பேர் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பையன், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனில் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பனயாட்டியில் இறங்கினால் படகு கட்டும் இடத்தைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் சைலாவ் கட்டித் தருவது இந்த ஊர்தான். அடிமரம் நம்ம புன்னை இனத்தைச் சேர்ந்தது. ப்ரூக்கர் மாதிரி சின்னத் தீவுகளில் பயிர் செய்ய நிலம் போதாது, பெண்கள் பானை செய்கிறார்கள். மிசிமா பெரிய மலைத்தீவு, அங்கே கிழங்கு விளைகிறது. பானை போய்க் கிழங்கு வருகிறது, இரண்டுக்கும் படகு வேண்டும், படகுக்கோ பன்றியும் கிழங்கும் பழைய விலைமதிப்புள்ள பொருள்களும் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் எல்லாம் காசில் முடிவதில்லை. மிசிமாவில் 1989 முதல் 2004 வரை தங்கச் சுரங்கம் ஓடியது, மூடிவிட்டார்கள். மோட்டார் படகுக்கு பெட்ரோல் வாங்கிக் கட்டுப்படியாகாது, காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. இந்தப் படகுகள் நிலைத்து நிற்பதற்கு அழகு காரணமில்லை, கணக்குதான் காரணம் என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. லைஃப் ஜாக்கெட் கிடையாது, நீங்களே கொண்டுபோங்கள். நிழல் இல்லை. நேரம் சொல்லிப் புறப்படும் வழக்கமும் இல்லை, காற்று பார்த்துத்தான் கிளம்புவார்கள், அதைக் குறை சொல்வது நியாயமில்லை. திரும்பும் விமானத்துக்கு முன்னால் சில நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மே முதல் அக்டோபர் வரை காற்று நிலையாக இருக்கும். பாய் மட்டும் இப்போது தார்ப்பாய் துணி, பழைய தாழைப் பாயை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்.

சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், அந்த ஏஜென்ட்டுக்குப் பூஜ்யம். மிசிமாவின் புவாகாவோயா துறையில் நேராகப் படகுக்காரரிடம் பேசுங்கள், சில்லறை நோட்டாகக் கினா வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றி இறக்கும்போது ஒரு கை கொடுங்கள். அரிசி, மீன் தூண்டில் முள், நைலான் கயிறு கொஞ்சம் கொண்டுபோனால் தீவில் காசைவிட அது நல்ல உபயோகம்.