பாக்காவ் கரி: எரிவதில் குறையில்லை, மூட்டையின் அடிதான் மோசம்

மலேசியாவின் பேராக்கில், பாகான் செராய் டவுனில் ஒரு மளிகைக்கடையில் போன வாரம் பாக்காவ் கரி, அதாவது கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் கரி, ஒரு மூட்டை வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை கோழி வாட்ட. முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மேலே முழங்கை நீளத்துக்கு நல்ல கட்டைகள், கவிழ்த்தால் அடியில் இரண்டு கை நிறையத் தூள். கடை முதலாளி தவுக்கேயிடம் கேட்டதற்கு, "லோரியில வந்தா அப்படித்தான் லா" என்று முடித்துவிட்டார்.

ஆனால் எரிந்த விதம் அருமை. பற்ற நேரமெடுக்கும், கொட்டாங்கச்சிக் கரி மாதிரி உடனே சிவக்காது. பிடித்தபிறகு புகையில்லை, மூன்று கோழியும் அப்புறம் மாமியார் கேட்ட கருவாடும் சுட்டு முடித்தும் தணல் இருந்தது. கட்டையைத் தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம். "அதான் நல்லா வெந்த கரி" என்றார் மாமியார், தோட்டத்து லயத்தில் கரிப்பெட்டியில் இஸ்திரி போட்டவர், அவருக்குத் தெரியும்.

இது பேராக் கடலோர ஊரான கோலா செபெத்தாங்கின் சூளைச் சரக்கு. அங்கே ஒருமுறை போயிருக்கிறேன். செங்கல்லும் களிமண்ணுமாகப் பெரிய குவிமாடம், வாசலில் மட்டும் தீ, உள்ளே அடுக்கிய மரம் எரியாமல் வாரக்கணக்கில் வேகும். மரம் மாத்தாங் அலையாத்திக் காட்டிலிருந்து வருகிறது. 1902-லிருந்து காப்புக்காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டர், 30 வருடச் சுற்றில் வெட்டி மறுபடி நடுகிறார்கள்.

காட்டை வெட்டிய கரியை வாங்கலாமா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். எரித்தால் மரத்தின் கரிமம் காற்றுக்குப் போகும், புதுக்கன்று அதைத் திரும்ப இழுக்க வருடக்கணக்காகும். ஆனால் அந்தக் காட்டின் கரிமத்தில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, காலடிச் சேற்றில் இருக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றுக்குள் ஆக்சிஜன் நுழையாது, அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான், உதிர்ந்த இலையும் செத்த வேரும் சரியாக மட்காமல் நூற்றாண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடற்புல் வெளியிலும் இதே கதை. சேற்றைக் கிளறாமல் வெட்டி நட்டால் அந்தச் சேமிப்பில் பெரும்பாலானது தங்கும். அதே இடத்தைத் தோண்டி இறால் குளமாக்கினாலோ, வரப்பு கட்டி நீரை வடித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டாலோ, சேற்றில் காற்றுப் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாக வெளியேறும். எனக்குச் சூளைப் புகையைவிட அந்தக் குளங்களைப் பார்த்தால்தான் பயம்.

சரி, கரிக்கு 5-க்கு 4. வாங்கும்போது மூட்டையின் அடியை அமுக்கிப் பாருங்கள், நறநறவென்றால் வேறு மூட்டை கேளுங்கள். எனக்கு வந்த தூளை ரோஜாத் தொட்டியில் கலந்துவிட்டேன், கரித்தூள் மண்ணில் லேசில் மட்காது.