செல்லா, பென்சில் தாளா? சென்னை வீட்டுச் சுவருக்கு எது தாங்கும்

போன மாதம் எங்கள் வடபழனி வீட்டில் ஒரு பென்சில் ஓவியத்தை மாட்டினேன். பழைய கார்ட்டூன் ஒன்றுக்கு அனிமேட்டர் கையால் போட்ட மூலத்தாள். அதே காசுக்கு அதே பாத்திரத்தின் செல் ஒன்றும் கிடைத்தது (செல் என்பது கார்ட்டூன் படமெடுக்க வண்ணம் தீட்டிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்). ஏன் அதை விட்டாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள்.

முதலில் செரிசெல்லை ஒதுக்கிவிடலாம். அது சில்க் ஸ்கிரீனில் அச்சடித்தது, கேமராவுக்குக் கீழே போனதே இல்லை. பிள்ளைகள் அறைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். கையால் வண்ணம் தீட்டிய லிமிடெட் எடிஷன் வேறு ரகம். பக்ஸ் பன்னி கார்ட்டூன்களை இயக்கிய சக் ஜோன்ஸ், ஸ்டூடியோ காலம் முடிந்தபிறகு அப்படிப்பட்ட செல்களில் கையெழுத்திட்டு விற்றார். வயதான ஓவியருக்கு அது நல்ல வருமானம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

படத்துக்கே பயன்பட்ட செல்லின் ஈர்ப்பு எனக்குப் புரியும். திரையில் பார்த்தது அதே தாள்தான். ஒரு காலத்தில் படம் முடிந்ததும் கழுவி மறுபடி பயன்படுத்தினார்கள். 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டில் ஓரிரு டாலருக்கு விற்றார்கள். டிஸ்னியின் முழுநீளப் படங்களில் 1989-இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’டோடு செல் முடிந்தது, அப்புறம் வண்ணம் கணினிக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் இங்க் போட்டு வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள், டைட்டிலில் பெயர் வராதவர்கள். அவர்கள் கைவேலையை வீட்டில் வைத்திருப்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் சென்னை செல்லுக்கு ஆகாத ஊர். செல் என்பது செல்லுலோஸ் அசிட்டேட் தாள் (மிகப் பழையவை நைட்ரேட்). ஈரமும் சூடும் சேர்ந்தால் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும், பக்கத்தில் இருக்கும் செல்லையும் கெடுக்கும். தாள் சுருங்கி நெளியும். மேலே இருக்கும் வண்ணம் அதோடு சேர்ந்து சுருங்காது, விரிசல் விட்டு உரியும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரே செல்லுக்கு இதுதான் நடந்தது. காற்றுப் புகாத கவரில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்தேன். இரண்டு ஐப்பசி மழை கழித்துத் திறந்தால் வினிகர் வாடை, ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்திருந்தது. கவரில் மூடியதே தப்பு. அமிலம் வெளியே போக வழியில்லை. சரி, ஏசி போடலாம் என்றால், இரவில் மட்டும் போட்டுப் பகலில் அணைக்கும் வீட்டில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வண்ணம் உரிய அதுவும் காரணம். மிகவும் உலர்ந்தாலும் வண்ணம் பிடிப்பை விடும். வருடம் முழுக்க ஒரே சீராக அறையை வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்? கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

தாளுக்கும் நோய் உண்டு. இராமபாணப் பூச்சி, பூஞ்சை, வெயில் பட்டால் மஞ்சளிப்பது. ஆனால் பழைய தாளைக் காப்பாற்றுவது நமக்குப் பழகிய வேலை. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் எத்தனை பழைய பத்திரிகைகள் இருக்கின்றன! அமிலமில்லாத மவுண்ட் போர்டு, கண்ணாடி தாளைத் தொடாத ஃபிரேம், வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுவது. எனக்கு இவ்வளவே போதுமாக இருக்கிறது. மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது, ஒரு மழைக்காலம் கடந்தபிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொன்று, நான் அனிமேஷனில் சோறு தின்கிறவன். செல்லில் முடிந்த கோடு மட்டும் இருக்கும். பென்சில் தாளில் அந்த ஓவியர் தேடியது தெரிகிறது: நீலப் பென்சிலில் மூன்று முறை மாற்றிய தோள், ஓரத்தில் இடைப்பட்ட ஓவியங்கள் எங்கே விழவேண்டும் என்று கோடு கிழித்த டைமிங் சார்ட். படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் 12 ஓவியம் போட்டவருடைய ஒரு நாள் உழைப்பில் ஒரு துண்டு அது. வேலை முடிந்து வந்து தினமும் பார்க்கிறேன்.

மறுவிற்பனை பற்றி அனுபவத்தில் பேச முடியாது, நான் எதையும் விற்றதில்லை. பொதுவாகப் பாத்திரம் முழு உருவமாக, கண் திறந்து நம்மைப் பார்த்தால் விலை ஏறும். மூலப் பின்னணி ஓவியத்தோடு வரும் செல் பென்சில் தாளைவிட அதிகம் போகும். என்னுடைய தாளில் கரடி முதுகைக் காட்டி நிற்கிறது. அந்தத் தோள் சாய்ந்திருக்கும் விதத்துக்காகத்தான் அதை எடுத்தேன்.