கடற்கரைப் பூங்காவுக்குக் கருத்துக்கேட்பு: படிவமா, மண்டபமா, பூங்காவிலேயேவா?

கடலோர ஊரில் பூங்காவைச் சீரமைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே, எந்தத் திட்டம் நல்லது என்ற பேச்சு தொடங்கிவிடும். ஊராரிடம் எப்படிக் கேட்பது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் எண்ணம். கேட்கிற விதம் மாறினால் வருகிற பதிலும் மாறிவிடுகிறது. வழக்கமாக மூன்று வழிகள் உண்டு: கேள்விப் படிவம், மண்டபத்தில் கூட்டம், பூங்காவிலேயே வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்பது. மூன்றுக்கும் போயிருக்கிறேன்.

படிவம் மலிவானது, வேகமானது. இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர், கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுபவர் என எல்லோருக்கும் அது வசதி. ஆனால் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். ‘நடைபாதை வேண்டுமா, நிழல் வேண்டுமா, விளையாட்டுத் திடல் வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றுதான் டிக் அடிப்போம். இடமும் பணமும் அளவோடு இருக்கும்போது எதை விட்டுக்கொடுப்போம் என்பது அதில் தெரியாது. ஆளுக்குப் பத்து மதிப்பெண் கொடுத்து, வேண்டியவற்றுக்குப் பிரித்துப் போடச் சொன்னால் அந்தக் குறை பெருமளவு தீரும். இன்னொன்று, ஆன்லைனில் மட்டும் படிவம் வைத்தால் வயதானவர்கள் பலர் விடுபட்டுப் போவார்கள். வந்த பதில்களின் எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே ஊர் முழுவதும் பேசிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் பதில் தரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

மண்டபக் கூட்டத்தின் கதை வேறு. அங்கே மைக் மூன்று பேர் கையிலேயே சுற்றும். மேடையில் அதிகாரிகள், கீழே ஊர்க்காரர்கள் என்று உட்கார்ந்ததுமே அது வாக்குவாதம் ஆகிவிடுகிறது. மேடையை எடுத்துவிட்டு, மேசைக்கு எட்டுப் பேர், நடுவில் ஒரு வரைபடம் என்று வைத்தால் பேச்சின் தொனியே மாறும். நிஜமான மோதல் உள்ள இடத்தில் மண்டபத்தை விட்டால் வேறு வழியும் இல்லை. கார் நிறுத்த இடம் கேட்பவரும், அதே இடத்தில் நிற்கும் மரங்களைக் காக்க நினைப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியாக வேண்டும். கடல் அரிப்புக்குத் தடுப்புச் சுவர் எழுப்புவதா, மணல்மேட்டில் செடி வளர்த்துக் காப்பதா என்ற கேள்வியும் அப்படித்தான்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடற்கரைப் பூங்காவின் பிரச்சினைகள் பெரும்பாலும் காற்றிலும் உப்பிலும் மணலிலும் இருக்கின்றன. தாளில் அவை தெரிவதில்லை. ஒருமுறை வரைபடத்தில் ‘கடல் நோக்கிய இருக்கைகள்’ என்று அழகாக வரிசை போட்டிருந்தார்கள். தினமும் நடக்க வருகிற ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, எங்களைக் கையோடு அந்த இடத்துக்கே கூட்டிப் போனார். ‘பிற்பகலில் இங்கே ஐந்து நிமிஷம் உட்காருங்க, அப்புறம் சொல்லுங்க’ என்றார். உட்கார்ந்தோம். கண்ணெல்லாம் மணல். பக்கவாட்டில் இடுப்பளவுக்குப் புதர் இருந்தால் போதும், கடலும் தெரியும், காற்றும் அடங்கும் என்று இடத்தையும் அவரே காட்டினார். எந்தப் படிவத்திலும் இது வந்திருக்காது.

அதே நடையில் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துப் பார்த்தேன், உள்ளங்கையில் துருப்பொடி ஒட்டியது. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் போய்விடும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதினாலும் எந்த ரகம் என்று கேட்க வேண்டும். 304 ரகத்தில் உப்பு புள்ளிப் புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் அதைவிட நன்றாகத் தாங்கும். மரம் நடுவதிலும் இதே கதைதான். புன்னை, பூவரசு, தாழை எல்லாம் வெப்பமண்டலக் கடற்கரையில் உப்பைத் தாங்கி வளர்பவை, அடும்புக் கொடி மணலைப் பிடித்து நிறுத்தும். நெய்தல் பாட்டு படித்தவர்களுக்குப் புன்னையும் தாழையும் அடும்பும் பழகிய பெயர்கள்தாம்.

சக்கர நாற்காலியில் வருபவரோடு ஒரு சுற்று போனால், பாதையில் இரண்டு விரல் கனத்துக்கு மணல் மூடிய இடத்தில் சக்கரம் நின்றுவிடுவது தெரியும். பாதை போடுவதோடு மணலை யார், எப்போது கூட்டுவார்கள் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். விளக்கும் அப்படித்தான். ஆமைகள் முட்டையிடும் கரை என்றால், குஞ்சுகள் வெளிச்சம் அதிகமான பக்கம் நகரும் என்பதால் பளிச்சென்ற வெள்ளை விளக்கு அவற்றை நிலத்துக்கு இழுத்துவிடும். கரைப் பக்கம் ஒளி போகாதபடி மறைத்த, தாழ்வான, செம்மஞ்சள் விளக்குதான் அங்கே சரி.

இந்த வழிக்கும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கழிப்பறை இல்லாததால் வராதவர், இருட்டுக்குப் பயந்து வராதவர் யாரும் பூங்காவில் நிற்க மாட்டார்கள். அதனால் பள்ளி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரு நாள் வரைபடத்தோடு நிற்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.

எப்போது கேட்கிறார்கள் என்பது எந்த வழியில் கேட்கிறார்கள் என்பதைவிட முக்கியம். சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்களின் உரிமை பற்றி 1998இல் கையெழுத்தான ஆர்ஹஸ் உடன்படிக்கை, எல்லாத் தெரிவுகளும் திறந்திருக்கும்போதே மக்கள் பங்கேற்பு தொடங்க வேண்டும் என்கிறது. 1985இல் இங்கிலாந்தில் பள்ளிகளை மூடுவது பற்றி வந்த கன்னிங் வழக்கிலும், முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும் என்பது முதல் நெறியாக வைக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தபோது, கருத்துக் கேட்பதைக் கீழிருந்து நான்காம் படியில்தான் வைத்தார். கேட்டதோடு நின்றால் அது பெயரளவுக்கானதுதான் என்பது அவர் வாதம்.

என்னைக் கேட்டால் முதலில் வெற்று வரைபடத்தோடு பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கே கிடைத்ததை வைத்து இரண்டு மூன்று திட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். அப்புறமும் தீராத சண்டைக்கு மட்டும் மண்டபம். கடைசியில், ‘நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்தது இது, இதைச் செய்யாததற்குக் காரணம் இது’ என்று பூங்கா வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். அந்த அம்மா மறுநாள் காலை நடக்க வரும்போது, தான் காட்டிய இடம் என்னவாயிற்று என்று அதில் தேடுவார்.